வெண்கோட்டைக்குப் போகிற வழி

ஜூன் 8, 2025, ஞாயிறு

மத்தியானம் முழுக்க விளையாடியும் ஒரு ஆற்றைக்கூடத் தாண்டவில்லை.

நான் சொல்கிற கதைக்குள் ஆளாக நின்று ஆடுகிற மூன்று பேரும் ஆழிவாய்த் துறைமுகத்திலிருந்து வெண்கோட்டைக்குப் போக வேண்டும். மாட்டுவண்டியில் நஞ்சு ஏறிய பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். வெண்கோட்டை அரசனின் அண்ணன். முறிவு மருந்து கோட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அவர் பிழைத்தால் போர் நிற்கும். இதுவரை நன்றாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பியதும் எல்லாம் படுத்துவிட்டது.

தப்பு என்னுடையது. பயணத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வானிலைக்கு ஒரு பகடை, சாப்பாட்டுக்கு ஒன்று, வழி தவறுகிறார்களா என்று ஒன்று, எதிரே யாராவது வருகிறார்களா என்று ஒன்று. ராத்திரி பகலாக உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தேன். நடந்தது இதுதான்: மேகமூட்டம். சாப்பாடு இருக்கிறது. வழி சரி. யாரும் வரவில்லை. மறுநாள். மேகமூட்டம். சாப்பாடு இருக்கிறது.

என் தம்பி சாம்சன் பகடையைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, ரோலிங் மில்லுல நாளெல்லாம் நின்னுட்டு வந்துகீறேன். இங்கயும் நடக்க வெச்சே சாவடிக்கிறியே." அவன் கதையில் இரும்பன் என்ற மல்லன். அவனுக்கு யாரையாவது தூக்கி எறிய வேண்டும்.

காயத்ரி போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். என்னோடு பாலிடெக்னிக் படித்தவள். திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் போய், அங்கே கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்துக் கவரைப்பேட்டைக்கு வருகிறாள். "என் ஞாயித்துக்கெழமைல பாதி ரயில்லயே போயிடுதுடி. கதையிலயும் சும்மா உக்கார வெச்சா எப்படி?" கதையில் அவள் அல்லி என்ற மருத்துவச்சி. கோட்டை வந்தால்தான் அவளுக்கு வேலை.

தணிகைவேல் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எங்கள் கம்பெனியில் மெயின்டெனன்ஸ். ஊர் ஆர்.கே.பேட்டை. இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். கதையில் மாறன் என்ற வழிகாட்டி.

"மேகம்னா எந்தப் பக்கம் கட்டுது?" என்று கேட்டான்.

"பொதுவா மேகமூட்டம்" என்றேன்.

"பொதுவா எப்படி மேகம் கட்டும்?"

அட்டவணையில் திசைக்கு இடமே இல்லை. மாடித் தகர ஷீட்டு சூட்டில் தலை வலிக்கிறது.


ஜூன் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஜோதி ஆன்ட்டி அம்மாவிடம் கேட்டாளாம், ஞாயிறானால் மாடியில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று. நான் கதை சொல்வேன், மற்றவர்கள் அதற்குள் ஒவ்வொரு ஆளாக இருப்பார்கள், அந்த ஆள் என்ன செய்கிறான் என்று அவர்களே சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை – இதை நூறு தடவை அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன்.

"ஜெபக் கூட்டம்னு சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.


ஜூன் 22, ஞாயிறு

அட்டவணையைத் தூக்கிப் போட்டேன். உட்கார்ந்ததும் சொன்னேன்: "ஆற்றைக் கடந்து, காட்டைக் கடந்து, பல நாள் கழித்து மலையடிவாரம் வந்து சேர்கிறீர்கள்."

சாம்சன் கை தட்டினான். அடிவாரத்தில் கொள்ளைக்காரர்களை விட்டேன். இரும்பன் இரண்டு பேரைத் தூக்கிப் பாறையில் அடித்தான். அல்லி ஒருவன் கண்ணில் மிளகுப்பொடி ஊதினாள். சிரிப்பு, கத்தல். கீழேயிருந்து அம்மா, "ஜெபம் பலமா கீதே" என்றாள்.

தணிகைவேல் கடைசி வரை நாலு வார்த்தை பேசியிருப்பானா? கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த தபா மாறனுக்குப் பதிலா இன்னொரு மாட்ட பூட்டிக்க" என்றான்.

"இன்னா?"

"காட்ட தாண்டிட்டீங்கன்னு நீ சொல்ற. யாரு தாண்ட வெச்சது? வழி கண்டுபிடிக்கிறவன் ஒருத்தன் கீறான் இல்ல. அவன் இன்னா பண்ணான்?"

"எல்லாரும் போர் அடிக்குதுன்றாங்க. நீ ஒருத்தன் மட்டும்தான் ஆடுறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்று படி இறங்கிவிட்டான்.

ஒண்ணும் சொல்லலையாம். எல்லாம் சொல்லிட்டு ஒண்ணும் சொல்லலையாம்.


ஜூன் 24, செவ்வாய்

கேன்டீனில் அவன் வேறு மேஜையில் உட்கார்ந்தான். உட்காரட்டும்.

என் மேஜையில் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்து வண்டிகளின் பிரேக் ஷூ அளந்துகொண்டே யோசித்தேன். நாளை எண்ணினால் சலிப்பு. எண்ணாமல் விட்டால் வழியே இல்லை. நடுவில் ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறதா? உலகத்தில் இந்த விளையாட்டை ஆடுகிற அத்தனை பேரும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. நெட்டில் படித்தால் ஒருத்தர் இப்படி என்கிறார், அடுத்தவர் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறார். இரண்டு பேரும் ரொம்ப நிச்சயமாகச் சொல்கிறார்கள்.


ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவில் யோசனை வந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

நாள் கணக்கே வேண்டாம். சார்ட் பேப்பரில் ஆறு கட்டம் வரைந்து சுவரில் ஒட்டுவது. வழியில் எது அவர்களைத் தாமதப்படுத்தினாலும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குவது. ஆறும் கறுத்தால் வண்டியில் இருக்கிற பெரியவர் இறந்துவிடுவார். குறுக்கு வழியில் போனால் ஆபத்து, சுற்று வழியில் போனால் கட்டம் போகும். எந்த வழி என்று மாறன் சொல்வான். சும்மா நடக்கிற நாள் எதுவும் கதையில் வராது. முடிவெடுக்கிற இடம் மட்டும் வரும்.

மத்தியானமே வரைந்து ஒட்டிவிட்டேன்.


ஜூலை 6, ஞாயிறு

வேலை செய்கிறது. வேலை செய்கிறது.

காயத்ரி போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். மலைப்பாதையா, பள்ளத்தாக்கா என்று மூன்று பேரும் அப்படிச் சண்டை போட்டார்கள். தணிகைவேல் ஒரு துண்டுத் தாளில் மலையை வரைந்து, "இந்த மேட்டு மேலயே போயிட்டா தண்ணி கஷ்டம், ஆனா வண்டி சாயாது" என்று விளக்கினான். சாம்சன் எதிர்த்துப் பேசிவிட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டான். ஒரு சக்கரம் மாற்றியதில் ஒன்று, ஊற்று வறண்டிருந்ததில் ஒன்று, அல்லி மூலிகை தேடப் போனதில் ஒன்று. மூன்று கட்டம் கறுத்தது. மூன்று மீதி. வண்டி மலை மேட்டில் நிற்கிறது.

தணிகைவேல் போகும்போது, "இப்பதான் கதைல ரோடுன்னு ஒண்ணு கீது" என்றான்.

நல்ல நாள்.


ஜூலை 10, வியாழன்

தணிகைவேலின் அப்பா துளசிராமன் நேற்று இறந்துவிட்டார்.

நேற்றுக் காலையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தேன். உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாது, எல்லாருடையதும் லாக்கரில்தான். வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் யாரோ கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் வந்து அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் கையில் இருந்த ஸ்பேனரைச் சரியாக அதன் இடத்தில் வைத்தான். அப்புறம் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடினான். சேஃப்டி ஷூவோடு.

கழனியில் மடை திருப்பப் போனவருக்கு நெஞ்சு வலி. திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அங்கிருந்து திருவள்ளூர் அனுப்பினார்கள். திருவள்ளூரில் உயிர் போனபோது இவன் பஸ்ஸில் இருந்திருக்கிறான்.


ஜூலை 12, சனி

துக்கம் கேட்க ஆர்.கே.பேட்டை போய் வந்தோம், நான், சாம்சன், காயத்ரி.

காயத்ரியைத் திருவள்ளூரில் சேர்த்துக்கொண்டோம். பஸ், அப்புறம் இன்னொரு பஸ். சாம்சன் தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தான். இவ்வளவு தூரமா இவன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வந்து போனான் என்று காயத்ரி கேட்டாள். எனக்கும் அது இப்போதுதான் தெரிகிறது.

பந்தலில் தணிகைவேல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் அவன் அண்ணிதான் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்த கொஞ்ச நேரத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். "மாமா கடைசியா இவனத்தான் கேட்டாரு. தணிகா வந்துட்டானா, தணிகா வந்துட்டானான்னு. இவன் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சு." உடனே யாராவது ஒருவர், "லேட்டா வந்துட்டான்" என்று முடிப்பார். அவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவன் இல்லாத மாதிரி பேசுகிறார்கள்.

அவன் அம்மா சந்திரகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஒரு அத்தை எங்களை எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டாள். சாம்சன் சொன்னான். பிறகு எங்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில் காபி வந்தது. காயத்ரிக்கு எவர்சில்வர் டம்ளர். காயத்ரி அதைக் குடிக்காமல் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டாள். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

தணிகைவேலிடம் என்ன பேசினோம்? "சாப்டியா", "உடம்பப் பாத்துக்க". அவ்வளவுதான். அதற்கா அவ்வளவு தூரம்?


ஜூலை 20, ஞாயிறு

மாடியைப் பெருக்கினேன். சுவரில் அந்தச் சார்ட் அப்படியே இருக்கிறது. மூன்று கறுப்பு, மூன்று வெள்ளை.

வண்டியில் படுத்திருக்கிற பெரியவரை என்ன செய்வது? ஒருவர் சாகக் கிடக்கிறார், மருந்து இருக்கிற ஊருக்குள் கொண்டு சேர்க்க வேண்டும், நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. இதை நான்தான் யோசித்து யோசித்து உண்டாக்கினேன். கட்டம் வேறு வரைந்தேன். அவன் திரும்பி வந்து இந்தச் சுவருக்கு எதிரில் உட்கார வேண்டுமா?

சாம்சன், "கேமையே ஊத்தி மூடிடு அக்கா. பேஜாரு" என்றான்.

காயத்ரியிடம் போனில் கேட்டேன். "அந்தப் பெரியவர பொழைக்க வெச்சிடு. அவன் வந்து உக்காந்ததும், வண்டி நல்லபடியா கோட்டைக்குப் போய்ச் சேந்துடுச்சு, மருந்து குடுத்தாச்சுன்னு ஒரே வரில சொல்லி முடி. அடுத்த கதைக்குப் போயிடலாம்" என்றாள்.

சார்ட்டைக் கிழித்தேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

கருமாதி முடிந்து போன வாரம் வேலைக்கு வந்துவிட்டான். இன்றைக்கு மாடிக்கும் வந்தான். தலையில் முடி லேசாக முளைத்திருக்கிறது. அம்மா அவனுக்கென்று தனியாகத் தட்டில் போண்டா வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டான். எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் சொன்னேன்:

"வண்டி நல்லபடியா வெண்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. பெரியவருக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். கண் திறந்துவிட்டார்."

சாம்சனும் காயத்ரியும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். பார்க்கவே நடிப்பு என்று தெரிந்தது.

"எப்படி?" என்றான் தணிகைவேல்.

"எப்படின்னா?"

"மேட்டு மேல நின்னுக்கினு இருந்துச்சு வண்டி. மூணு கட்டம் பாக்கி. எப்படி எறங்குச்சு? யாரு ஓட்னா?"

"மாறன்தான் ஓட்னான்."

"நான் ஓட்னேன். எனக்கே தெரியாம."

சாம்சன் அவன் கையைப் பிடித்தான். "உடு தணிகாண்ணா. நல்லதுதான நடந்துகீது."

"பெரியவரு வழில தண்ணி கேட்டாரா? எந்த எடத்துல கேட்டாரு? யாராவது குடுத்தீங்களா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எதுவும் தெரியாது. ஆனா போய்ச் சேந்தாச்சு."

"உனக்காகத்தான் தணிகா மாத்தினேன்" என்றேன்.

"நான் கேட்டனா?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். நான் படிக்கட்டு வரைக்கும் போய், "உனக்காகத்தான்டா" என்று மறுபடி கத்தினேன். ஜோதி ஆன்ட்டி வாசலில் நின்று பார்த்தாள்.

எப்படி செஞ்சாலும் தப்பு. நாள் நாளா நடந்தா போர். தாண்டிப் போனா கோவம். பொழைக்க வெச்சா அதுவும் குத்தம். நான் இன்னாதான் பண்றது? நாள் பூரா கம்பெனில நின்னுட்டு, லீவு நாள்ல இவங்களுக்காக மண்டைய ஒடச்சிக்கினு, கடைசில ஒரு வார்த்த நல்லா சொல்லல ஒருத்தரும். இனிமே ஞாயித்துக்கெழம படுத்துத் தூங்கப்போறேன்.


ஆகஸ்ட் 6, புதன்

என் மேஜையில் காற்றழுத்தத்தில் அளக்கிற ஏர் கேஜ் வேலை செய்யவில்லை. புகார் கொடுத்தால் அவன்தான் வருவான். கொடுத்தேன். வந்தான்.

"ஏர் லீக். சரி பண்ணிட்டேன் மேடம்."

மேடமாம்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூங்கப் போகிறேன் என்று எழுதினேன். தூக்கம் வரவில்லை. மாடியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன.

காயத்ரி போன் செய்தாள். கொஞ்ச நேரம் அவள் ஆபீஸ் கதை. அப்புறம் சொன்னாள்: "நான்தான உனக்கு அந்த ஐடியா குடுத்தேன். அதையே நெனச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு ஆர்.கே.பேட்டைல எல்லாரும் ஒரே வரியத்தானடி சொன்னாங்க. லேட்டா வந்துட்டான்னு. இங்கேர்ந்து எப்படிப் போனான், எந்த பஸ்ல போனான், வழில எந்த எடத்துல அவனுக்கு விஷயம் தெரிஞ்சுது – ஒருத்தர் கேக்கல. நாமளும் போயிட்டு வந்தோம். நாம கேட்டோமா?"

கேட்கவில்லை.

"நாமளும் ஒரே வரில முடிச்சிட்டோம்" என்றாள்.

எனக்கு இன்னும் அவன் மேல் கோபம் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். நான் மனசு படிக்கிறவளா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே.


ஆகஸ்ட் 13, புதன்

சாப்பாட்டு நேரத்தில் மெயின்டெனன்ஸ் ஷெட்டுக்குப் போனேன். மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். "வண்டி இன்னும் மேட்டு மேலதான் நிக்குது. மூணு கட்டம் பாக்கி. பெரியவரு உயிரோட கீறாரு. அப்புறம் இன்னா ஆகும்னு எனக்குத் தெரியாது. நான் எதையும் முடிவு பண்ணி வெக்கல."

பேரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். ஒரே பேரிங்கை எவ்வளவு நேரம் துடைப்பான் ஒருத்தன்?

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "ஞாயித்துக்கெழம எனக்கு ஷிஃப்ட் இல்ல" என்றான்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

புது சார்ட். ஆறு கட்டம். மூன்றை நானே கறுப்பாக்கி ஒட்டினேன். அவன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

அட்டவணை எதுவும் எடுத்து வரவில்லை. "மேட்டு மேல விடியுது. மாறா, கண்ணுக்கு இன்னா தெரியுது?" என்று மட்டும் கேட்டேன்.

தணிகைவேல் யோசித்துச் சொன்னான். பனி. மாட்டின் முதுகில் ஈரம். கீழே இறங்குகிற தடம் இரண்டாகப் பிரிகிறது, ஒன்றில் பழைய சக்கரத் தடம் இருக்கிறது. அதில் போகலாம் என்றான். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனே சொன்னான். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். காயத்ரியிடம், "பெரியவருக்கு எப்படி கீது?" என்றேன். காய்ச்சல் ஏறுகிறது, ஈரத்துணி மாற்றுகிறேன் என்றாள். சாம்சன், இரும்பன் வண்டிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து இறங்குகிறான் என்றான்.

பெரியவர் பேச வேண்டும். அவருக்கு நான்தான் குரல். "எந்த இடம் இது?" என்று மட்டும் கேட்க வைத்தேன். தணிகைவேல் பதில் சொன்னான். இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னான். ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொன்னான். இடது பக்கம் ஒரு சுனை, அதில் யாரோ மாடு குளிப்பாட்டுகிறார்கள். இப்போது மூங்கில் புதர். இப்போது வெயில் வந்துவிட்டது.

பாறை சரிந்து கிடந்ததில் நாலாவது கட்டம் போனது. அல்லி கொடுத்த கஷாயத்துக்குப் பகடை சரியாக விழாமல் ஐந்தாவது போனது.

ஒரே கட்டம். ஆனால் கோட்டை தெரிந்துவிட்டது. கீழே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மதில். ஓட்டிப் போனால் ஒரே பகடை. நாலுக்கு மேல் விழுந்தால் உள்ளே.

சாம்சன் பகடையை எடுத்துத் தணிகைவேல் கையில் வைத்தான். "ஓட்டுண்ணா."

அந்த நேரத்தில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பாதை கரடுமுரடு, வண்டி ஆடுகிறது என்றுதான் நினைத்தேன். பெரியவர் குரலில், "குலுங்குதுப்பா. கொஞ்சம் எறக்கி வுடு" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தணிகைவேல் பகடையைக் கீழே வைத்தான்.

"வண்டிய நிறுத்துறேன்."

"அண்ணா, கோட்ட தெரியுது பாரு" என்றான் சாம்சன். "ஒரு தடவ உருட்டு. பொழச்சிடுவாரு."

"தெரியும்."

"நிறுத்துனா கட்டம் ரொம்பிடும்ணா."

"தெரியும்டா சாம்சா."

பிறகு அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். மாடுகளை அவிழ்க்கிறேன். வைக்கோலைத் தரையில் போடுகிறேன். அவரைத் தூக்கிப் படுக்க வைக்கிறேன், தலையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் கொடுக்கிறேன், பாதி வெளியே வழிகிறது, துடைக்கிறேன். எந்த இடம் என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். எதிரில் ஏரி, தண்ணீர் நிறைய இருக்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் எழுந்து ஆறாவது கட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

"அல்லி அவர் கைய புடிச்சிக்கிட்டு உக்காந்துக்குறா" என்றாள் காயத்ரி.

சாம்சன் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டான். அவன் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எப்போதும் ஆடுவான். கடைசியில், "இரும்பன் மாட்ட புடிச்சிக்கினு நிக்கிறான்" என்றான்.

அம்மா டீக்குக் கூப்பிட்டாள். யாரும் போகவில்லை. அவளே மேலே கொண்டு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தட்டை வைத்து, எதுவும் கேட்காமல் இறங்கினாள்.


ஆகஸ்ட் 18, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், கை ஆடுகிறது.

வெண்கோட்டை அரசவை, விருந்து, அண்ணனும் தம்பியும் சேருகிற காட்சி, பரிசாகக் கொடுக்க மூன்று பேருக்கும் மூன்று பொருள். மூன்று மாதமாக எழுதி வைத்தது. எதற்கும் இனி உபயோகமில்லை. போர் வரப் போகிறது, போருக்கு நான் ஒரு வரிகூடத் தயாரிக்கவில்லை. ஓடுகிற வண்டியை எவனாவது கோட்டை வாசலில் நிறுத்துவானா?

நிறுத்தினான். சரி. முதலிலிருந்து எழுத வேண்டும்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

தணிகைவேல் ஊருக்குப் போயிருக்கிறான். ஆட்டம் இல்லை. துணி துவைத்தேன்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று சீக்கிரமே வந்துவிட்டான். காயத்ரி ரயில் அத்திப்பட்டில் நிற்கிறது என்று மெசேஜ் போட்டிருந்தாள். சாம்சன் குளித்துக்கொண்டிருந்தான். மாடியில் நாங்கள் இரண்டு பேரும்தான். லேசாகத் தூறல்.

"தணிகா" என்றேன். "அன்னிக்கு எப்படிப் போன?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.

கேட்டிலிருந்து ஹைவே வரை ஓடினானாம். ஒரு லோடு வண்டிக்காரர் புதுவாயல் வரை ஏற்றிக்கொண்டார். அங்கே பெரியபாளையம் பஸ். பெரியபாளையத்தில் திருவள்ளூர் பஸ் தயாராக நின்றது, ஆனால் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். இவன் கடைக்குள் போய் அவர் எதிரில் நின்றிருக்கிறான். பேச்சு வரவில்லையாம். டிரைவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாராம். வெங்கல் தாண்டியதும் போன் வந்தது. அண்ணன். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. பக்கத்து சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா முறுக்குப் பொட்டலத்தை இவன் கையில் வைத்து, கையை மூடிவிட்டார்களாம். அதற்கப்புறம் திருவள்ளூர் வரைக்கும் அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அவன் நிறுத்தியதும் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"போன வாரம் அம்மாகிட்ட இத சொன்னேன்" என்றான். "அதுவரைக்கும் அம்மாவும் கேக்கல, நானும் சொல்லல. அண்ணி ரெண்டு மூணு தபா உள்ள வந்துச்சு, அம்மா கைய காட்டி அனுப்பிடுச்சு. எல்லாத்தையும் கேட்டுச்சு. எந்த எடத்துல பஸ் நின்னுது, அந்தப் பொம்பள எந்த ஊருன்னு எல்லாம் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்ப நைனா உன்ன கேக்கும்போதெல்லாம் நீ வந்துக்கினுதான்டா இருந்த, அப்டின்னுச்சு."

தூறல் வலுத்துவிட்டது. ஷீட்டு மேல் விழுகிற சத்தத்தில் அடுத்து அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தேன்.

"இப்ப ஊட்டுக்கு யாராவது வந்து லேட்டா வந்தானாமேன்னு இழுத்தாங்கன்னா, அம்மாவே சொல்லிடுது" என்றான். "எம்புள்ள வழில இருந்தான்னு."